மருந்தடித்த வயலில் வண்டு ஏன் கூடியது? பேகு நெல்வயல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"உன் மாமா மருந்தே அடிக்காமல் பூச்சி வளர்க்கிறார். நான் இருபதாம் நாள் மருந்து அடித்தவன். உன் டின்னில் நீயே எண்ணிப் பார், தம்பி. நல்ல பூச்சி யார் வரப்பில் அதிகம்?"

பக்கத்து வயல் ஊலே பர்மிய மொழியில் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. (ஊலே என்றால் சித்தப்பா. வயதில் மூத்த பர்மியரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மருந்து அடித்த வாரத்துக்கு அடுத்த வாரம், அவர் வரப்பில் நான் புதைத்த டின்களில் விழுந்த, பயிர்ப் பூச்சியைத் தின்கிற தரை வண்டுகள் மாமா வரப்பில் விழுந்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மருந்தே தொடாத வயலில்தான் வண்டு கொழிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மானம் போயிற்று.

அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

இடமும் வயலும்

பர்மாவில் பேகு நகரத்துக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். மாமாவுக்கு ஆறு ஏக்கர், ஊலேவுக்கு எட்டு. ஒரே வாய்க்கால், ஒரே களிமண், இருவரும் நடுவது சின்துக்கா ரகம். ஆனியில் நாற்று விட்டு ஆடியில் நடவு. கார்த்திகையில் அறுப்பு. அறுத்த ஈரத்திலேயே உளுந்து. அந்த உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது என்பதால் மாமாவுக்கு அதில் தனிப் பெருமை. "நம்ம ஊர் இட்லி இங்கேருந்துதான் மாப்பிள்ளை வேகுது" என்பார். அவர் ‘நம்ம ஊர்’ என்று சொல்கிற சிவகங்கைப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை, அது வேறு கதை.

இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு நீண்ட வரப்பு. செட்டியார்கள் கையில் நிலம் இருந்த காலத்திலிருந்தே அந்தக் கோடு அங்கேதான் என்று தாத்தா சொல்வாராம். 1930-இல் நெல் விலை விழுந்த பிறகு கடன் கட்ட முடியாதவர்களின் நிலமெல்லாம் செட்டியார் கணக்கில் ஏறியது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. இப்போது 2012 சட்டப்படி ஆளுக்கொரு ‘படிவம் 7’ நிலச் சான்றிதழ். எத்தனையோ கை மாறியும் வரப்பு நகரவில்லை. அது இருவருக்கும் பொது. அதனாலேயே அதை யார் செதுக்குவது என்ற வழக்கும் பொது.

வித்தியாசம் இங்கேதான். ஊலே வரப்பைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர். நடவுக்கு முன் மண்வெட்டியால் புல்லை வேரோடு செதுக்கி, சேறு குழைத்து அண்டை கட்டுவார். நடுவில் ஒரு முறை களைக்கொல்லி. நட்ட 20-ஆம் நாளும் 35-ஆம் நாளும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு சைபர்மெத்ரின். அறுப்பு முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துவார். மாமா இதில் ஒன்றும் செய்வதில்லை. கொள்கை எதுவும் கிடையாது. மூன்று பிள்ளைகளில் இருவர் தாய்லாந்தில், ஒருவன் மலேசியாவில். ஆள் இல்லை, கூலி கட்டுப்படி ஆகவில்லை, அவ்வளவுதான். வரப்பில் முழங்கால் உயரத்துக்குப் புல். பொது வரப்பில்கூட ஊலே தன் பக்கச் சரிவை மட்டும் வழித்துவிட்டு, மாமா பக்கத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுப் போய்விடுவார்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். இப்போது பேகுவில் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கடையில் மருந்தும் விற்கிறது. ஆகவே நான் எந்தக் கட்சி என்று மாமாவுக்கு இன்றுவரை சந்தேகம்.

டின் எதை எண்ணுகிறது

பர்மாவில் வீட்டுக்கு வீடு இருப்பது காலி பால் டின். அரிசியே அதில்தான் அளப்போம். எட்டு டின் ஒரு பிய், பதினாறு பிய் ஒரு கூடை. அந்த டின்னைத்தான் வாய் தரைமட்டத்துக்கு வருகிற மாதிரி வரப்பில் புதைத்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அதில் உப்புத் தண்ணீர், ஒரு சொட்டு சவர்க்காரம். மேலே மழைக்கு ஒரு ஓட்டுத் துண்டு, வண்டு நுழையச் சந்து விட்டு. ஒரு வயலுக்குப் பத்து டின். மூன்று இரவு வைத்து ஒவ்வொரு காலையும் எடுப்பேன். முதல் சுற்றில் ஆவணி மழை பாதி டின்னை மிதக்கவிட்டது. ஓட்டுத் துண்டை அகலமாக்கிய பிறகுதான் கணக்கு நின்றது.

மருந்துக்கு முன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். மருந்து அடித்த மறுநாள் ஊலே வரப்போரம் செத்த வண்டுகள் மிதந்தன. நாலைந்து நாள் டின்கள் காலி. அப்புறம்தான் அந்த ஏற்றம்.

தரை வண்டைப் பிடிக்க உலகமெங்கும் இந்தக் குழிப்பொறிதான் பழக்கம். அதன் குறையும் ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான். 1964-லேயே கிரீன்ஸ்லேட் என்ற ஆய்வாளர் இதை எழுதிவிட்டார். குழிப்பொறிக்குத் தெரிந்தது வண்டின் நடை ஒன்றுதான். அங்கே எத்தனை வண்டு வாழ்கிறது என்று அது சொல்லாது. டீக்கடை வாசலில் உட்கார்ந்து போகிற ஆளை எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சோறு இருக்கிறவன் வெளியே வரவில்லை, பசித்தவன் நாலு தரம் நடந்தான். எண்ணிக்கை ஏறும், ஊர் ஜனம் ஏறியிருக்காது.

பசிதான் இங்கே நடந்தது என்று நினைக்கக் காரணம் உண்டு. சுவீடனின் பார்லி வயல்களில் செய்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே புதிர் வந்தது. பூச்சிமருந்து அடித்த பகுதியில் டெரோஸ்டிகஸ் என்ற கருவண்டு குழிப்பொறியில் அதிகம் விழுந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது, அடித்த பகுதி வண்டுகளின் குடலில் உணவு குறைவு. இரை செத்துப்போனதால் பிழைத்த வண்டு இரை தேடி ஓடியது. ஓடியது பொறியில் விழுந்தது. இதை நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். படித்தவன்தான் ஊலே கேட்டபோது வாய் அடைத்து நின்றவனும்.

சரி, எங்கள் வண்டின் வயிற்றிலும் அதுதானா என்று பார்க்க வேண்டும் இல்லையா?

தையல் ஊசி இரண்டு, நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கண் லென்ஸ், அத்தையின் பீங்கான் தட்டு. (அந்தத் தட்டு இப்போது சமையலறைக்குள் அனுமதிக்கப்படுவதில்லை.) ஆண் வண்டா பெண் வண்டா என்பதை முன்னங்கால் நுனியில் பார்க்கலாம். பெரும்பாலான தரை வண்டுகளில் ஆணுக்கு அந்தக் கணுக்கள் அகன்று, அடியில் மெத்தை மாதிரி இருக்கும். முட்டை நிறைந்த பெண்ணுக்கு வயிறு உப்பி, கெட்டிச் சிறகின் நுனி வழியே பின்பகுதி எட்டிப் பார்க்கும். பர்மிய மொழியில் வண்டுக்கு ‘போ தௌங் மா’ என்று பெயர். கெட்டிச் சிறகுப் பூச்சி. அந்தக் கெட்டிச் சிறகைப் பிரித்து, மேல்தோலை நீளவாக்கில் கிழித்தால் இரைப்பையும் சூலகமும் தெரியும். முட்டை இருந்தால் நொய்யரிசி மாதிரி வெள்ளையாக, நீளவாக்கில் அடுக்கி இருக்கும்.

இரண்டு பக்கமும் சேர்த்து இருபதைக்கூட நான் திறக்கவில்லை. அதை வைத்துப் பெரிய வார்த்தை பேசக்கூடாது. ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அடித்தது. மாமா வரப்புப் பெண் வண்டுகளில் பெரும்பாலானவற்றில் இரைப்பை கறுத்துத் தடித்து, அதன் பின்னால் நொய்யரிசி. ஊலே வரப்பில் விழுந்தவை தட்டை. இரைப்பை வதங்கிய பை. முட்டை ஒன்றே ஒன்றில், அதுவும் இரண்டு.

கூட்டத்தைவிட இந்தத் தட்டில் கிடந்ததைத்தான் நான் நம்புகிறேன். தீனி கிடைத்த பெண்தான் முட்டை வைக்கும். சுவிட்சர்லாந்தில் தானிய வயலுக்குள் களைப்பூச் செடிகளைப் பட்டை பட்டையாக விட்டு பீசிலஸ் என்ற வண்டை ஆராய்ந்தார்கள். 1994-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பட்டை இருந்த வயலில் வண்டுகள் நன்றாகத் தின்றிருந்தன, பெண்களிடம் முட்டையும் கூடுதல். ஒரு வயலில் இந்த வாரம் எத்தனை வண்டு நடக்கிறது என்பதைவிட, அடுத்த தலைமுறை அங்கே உருவாகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நகப்பூச்சு

அப்படியானால் ஊலே பக்கம் விழுந்த பசித்த வண்டுகள் யாருடையவை?

இதற்கு உப்புத் தண்ணீர் உதவாது, உயிரோடு பிடிக்க வேண்டும். டின்களைக் காயவைத்து, அடியில் கொஞ்சம் ஈரப் புல் போட்டு, மாமா வீட்டுக்கு அருகில் இருக்கிற உள்வரப்பில் வைத்தேன். முதல் நாள் காலை ஒரு டின்னில் ஒரு கொழுத்த வண்டும் நாலு வெற்றுச் சிறகும். ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. இன்னொரு டின்னை மூஞ்சூறு கண்டுபிடித்து விருந்து வைத்துக்கொண்டது. பிறகு இரவு இரண்டு தரம் டார்ச்சோடு போய் எடுத்தேன். பிடித்தவற்றின் முதுகில் என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டேன்.

பன்னிரண்டு நாளுக்குள் சிவப்புப் புள்ளி மூன்று ஊலேவின் தூர வரப்பில் கிடைத்தன. ஊலே பக்கம் வைத்த புள்ளி (அது பச்சை) மாமா பக்கம் ஒன்றுகூட வரவில்லை. மூன்றுக்குப் பூஜ்யம் என்பது கணக்கு ஆகாது என்று என் பழைய ஆசிரியர் சொல்வார். ஆனால் மூன்றாவது சாட்சி ஒன்று மண்ணுக்குள் இருந்தது.

புரட்டாசியில் இரண்டு பக்கத்து வரப்பிலும் சாண் நீளத்துக்கு ஒரு கட்டி வெட்டி எடுத்து, சாக்கில் கொட்டி உடைத்தோம். மாமா பக்கக் கட்டியில் கறுப்பான தட்டைப் புழுக்கள் ஓடின. கிடுக்கி மாதிரி வாய், வாலில் இரண்டு கொம்பு. தரை வண்டின் புழு இப்படித்தான் இருக்கும். கூடவே ஒரு சிறிய குழியில் வெளிறிய கூட்டுப்புழு. அப்புறம் நான் தேடிக்கொண்டிருந்தது: இளம்பழுப்பு நிறத்தில், விரலால் அழுத்தினால் குழைகிற ஒரு வண்டு. கூட்டிலிருந்து வெளிவந்து ஓடு இறுகாத வண்டு அது. அவ்வளவு மெத்தென்ற உடம்போடு அது தூரத்திலிருந்து நடந்து வந்திருக்க முடியாது. அங்கேயே பிறந்தது. ஊலே பக்கக் கட்டிகளில் மண்புழுவும் நண்டு வளையும் இருந்தன, வண்டுப் புழு இல்லை.

ஆக, ஊலேவின் டின்னில் விழுந்தது மாமா வரப்பில் பிறந்த வண்டு. ஊலே வயல் அதைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஊற்று, மறுபக்கம் வடிகால். டின்னை மட்டும் பார்த்தால் வடிகால்தான் நிறைந்து தெரியும்.

வரப்பு என்ற தாய்வீடு

ஐரோப்பியக் கோதுமை வயல் ஆய்வுகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்தக்கூடாது என்பதற்குக் காரணம் தண்ணீர். அங்கே தரை வண்டுகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒரு வகை குளிர்காலத்தை வண்டாகக் கழித்து வசந்தத்தில் முட்டையிடும். இன்னொரு வகை கோடை கழிந்து முட்டையிட்டு, புழுவாக வயல் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். இரண்டாம் வகைக்கு நடுவயல் மண்ணே தொட்டில். உழவு தப்பினால்தான் பிழைப்பு.

எங்கள் வயலிலோ ஆடியிலிருந்து ஐப்பசி வரை தண்ணீர் நிற்கிறது. கீழே குழைந்த சேறு. முட்டையும் கூட்டுப்புழுவும் அங்கே எப்படி இருக்கும்? முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றுக்கும் மேடு வேண்டும். நெல்வயலில் மேடு என்றால் வரப்புதான். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிற மாதிரி வண்டு வரப்புக்குப் போகிறது. நடவுக்கு முன் அந்த வரப்பைச் செதுக்கி, களைக்கொல்லி அடித்து, சேறு பூசி மூடினால், ஒரு சொட்டுப் பூச்சிமருந்து இல்லாமலேயே அந்த வருடத்துப் பிரசவம் முடிந்துபோகும்.

நெல்லுக்கு ரொம்ப வேண்டிய தரை வண்டு ஒன்று உண்டு. அது என் டின்னில் விழவே இல்லை. ஓஃபியோனியா. ஒல்லி உடம்பு, நீண்ட கழுத்து, செம்பழுப்பு நிறம், சிறகில் நீலக்கறுப்புப் பட்டை. மாமா இத்தனை வருடமும் அதைக் கட்டெறும்பு என்றே நினைத்திருந்தார். அது தரையில் நடப்பதைவிட நெற்பயிரில் ஏறுவதுதான் அதிகம். இலைச்சுருட்டுப் புழு இலையை மடித்துத் தைத்து உள்ளே இருந்து பச்சையம் சுரண்டும் இல்லையா, அந்தக் குழலுக்குள் நுழைந்து புழுவைத் தின்னும். ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து புழு. வளர்ந்த வண்டு, நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியையும் பிடிக்கும். அதன் புழுவும் வேட்டைக்காரன்தான், பளபளக்கும் கறுப்பு. கூட்டுப்புழு ஆவதற்கு அதுவும் இறங்கி வரப்பு மண்ணுக்குத்தான் வர வேண்டும்.

எனவே இதற்கு டின் கணக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு, மடிந்த இலைகளைப் பிரித்துப் பார்த்தோம். இதை அத்தை என்னைவிட வேகமாகச் செய்தார். மாமா வயலில் பிரித்த குழல்களில் பல காலி, எச்சம் மட்டும். சிலவற்றில் வண்டே உட்கார்ந்திருந்தது. ஊலே வயலில், இரண்டு தரம் மருந்தடித்த பிறகும், மடலுக்குள் புழு நிம்மதியாக இருந்த குழல்கள் தென்பட்டன. மடித்த இலைக்குள் மருந்து சரியாகப் போகாது. வெளியே அலைகிற வண்டின் மேல் நன்றாகவே விழும்.

இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டால் விவசாயிக்குக் கை துறுதுறுக்கும். ரோட்டிலிருந்து பார்த்தாலே வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறது, யார் சும்மா இருப்பார்? ஆனால் தூர் கட்டும் பருவத்தில் பயிர் புது இலை விட்டு அதை ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மேகோங் வடிநிலத்தில் 1990-களில் இதைத்தான் பிரச்சாரமாகச் செய்தார்கள்: முதல் 40 நாள் இலைப்புழுவுக்கு மருந்து அடிக்காதே. வாய்ப்பேச்சாக இல்லை, ஒரு மூலையில் அடிக்காமல் விட்டுப் பார், அறுப்பில் ஒப்பிடு என்று. பல விவசாயிகள் அடிப்பதைக் குறைத்தார்கள்.

முதல் மாத மருந்துக்குப் பின்விளைவும் உண்டு. புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து முட்டையைத் தொடுவதில்லை. முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்ன வேண்டிய சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் வண்டும் செத்திருக்கும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளுக்குப் பிறகு புகையான் பெருகுவது ஆசியா முழுக்கப் பார்த்த கதை. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடைசெய்ததே இதனால்தான். ஊலே வயலில் அறுபதாம் நாளுக்கு மேல் நடுவில் வட்டமாக ஒரு பாய் அளவுக்குப் பயிர் காய்ந்தது. புகை பட்ட மாதிரி. மூன்றாவது தரம் அடித்துத்தான் நிறுத்தினார். மாமா வயலிலும் புகையான் இருந்தது, வட்டம் விழவில்லை.

ஒரு சூடு

மாமா ஒரு நாள் வைக்கோல் போருக்கு அடியில் கை விட்டவர் ‘ஆ’ என்று உதறினார். பட்டாசு மாதிரி ஒரு சின்ன ‘டப்’. விரல் நுனியில் பழுப்புக் கறை, இரண்டு நாள் போகவில்லை. குண்டு வண்டு. வயிற்றில் ஒரு பையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதை நொதி இருக்கிற அடுத்த அறைக்குள் தள்ளும். கலவை கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பீச்சும். இது எதற்கு உதவும் என்று மாமா கோபமாகக் கேட்டார். ஃபெரோப்சோஃபஸ் என்ற இந்தப் பேரினத்து வண்டுகளில், வாழ்க்கை ஆராயப்பட்டவற்றின் புழுக்கள் பிள்ளைப்பூச்சியின் முட்டைக்குழிக்குள் இருந்து அந்த முட்டையைத் தின்று வளர்கின்றன. பிள்ளைப்பூச்சி வரப்பைத் துளைத்துத் தண்ணீரை ஒழுகவிடுவது மாமாவுக்கு வருடாந்திரத் தலைவலி. "அப்ப சரி, அது இருக்கட்டும்" என்றார், விரலை ஊதிக்கொண்டே.

எலி

இதுவரை மாமா பக்கமே பேசிவிட்டேன். ஊலேவுக்கு ஒரு நியாயம் உண்டு, அது பெரிய நியாயம். "உன் மாமா வரப்பு எலிக்கு பங்களா."

உண்மை. புல் மண்டிய வரப்பில் எலி வளை இருந்தது. பால் பிடிக்கும் பருவத்தில் ஓரத்துப் பயிரை வெட்டிச் சாய்த்தது. இழப்பு இரண்டு பேருக்கும். பேகு பக்கம் எலியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கிலாந்தில் 1980-களின் பிற்பகுதியில் கோதுமை வயல் நடுவே ‘வண்டு வரப்பு’ என்று ஒன்று போட்டார்கள். 40 சென்டிமீட்டர் உயரம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம், கொத்தாக வளரும் புல். இரண்டாம் குளிர்காலத்திலேயே அதில் சதுர மீட்டருக்கு 1,000-க்கு மேல் இரைபிடிப்பான்கள். படிக்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் நெல்வயலுக்கு எலி நிபுணர்கள் சொல்கிற விதி நேர் எதிர்: வரப்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம், அகன்றால் எலி வளை தோண்டும். இரண்டு மீட்டர் வண்டு வரப்பைப் பேகுவில் போட்டால் அது எலி நகராட்சி ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு ‘வரப்பில் புல் விடுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டாம் மழைக்காலத்துக்கு முன் மாமாவும் ஊலேவும் டீக்கடையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நான் எழுதினேன், இரண்டு மொழியிலும். பொது வரப்பு குறுகலாகவே இருக்கும். புல்லை வேரோடு செதுக்குவதில்லை, அரிவாளால் கணுக்கால் உயரத்துக்கு அறுப்பது, அதுவும் ஒரு வாரம் ஒரு சரிவு மட்டும். களைக்கொல்லி கிடையாது. சேறு பூசுவது தண்ணீர் ஒழுகும் இடத்தில் மட்டும். எலிக்கு வளை தோண்டிப் பிடிப்பது, ஊரோடு சேர்ந்து, பயிர் பொதி கட்டுவதற்கு முன்பே. எலி குட்டி போடும் காலம் பொதி, கதிர்ப் பருவத்தோடு ஒட்டி வருவதால் அதற்குப் பிறகு பிடிப்பது வெட்டி வேலை. அறுப்புக்குப் பிறகு வைக்கோலை முழுதும் கொளுத்தாமல், கொஞ்சத்தை வரப்போரம் சின்னக் குவியலாக உளுந்து பிடுங்கும் வரை விடுவது. மீதியை மக்க விடுவது.

கடைசியாகச் சொன்ன வைக்கோல் விஷயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1996-இல் வெளியான ஜாவா நெல்வயல் ஆய்வு ஒன்று, பயிரில் பூச்சி வருவதற்கு முன்பே இரைபிடிப்பான்கள் வயலில் நிறைவதைக் காட்டியது. மக்கும் பொருளைத் தின்கிற சிறு பூச்சிகளும் தண்ணீரில் வளரும் ஈப்புழுக்களும்தான் அவற்றுக்கு ஆரம்பச் சாப்பாடு. சாணமும் தாளும் போட்டால் அந்தச் சாப்பாடு கூடும். வைக்கோலைக் கொளுத்துவது சமையலறையைக் கொளுத்துவது.

அத்தை தன் பங்குக்கு மாமா பக்க வரப்பில் துலுக்கச் சாமந்தி நட்டார். மாரியம்மன் கோயில் மாலைக்கு என்றார். வரப்பில் பூச்செடி நடுவதற்கும் நல்ல சாட்சி உண்டு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்றிலும் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வரப்புப் பூக்களால் பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. அங்கே முக்கியப் பலன் தேன் குடிக்கிற ஒட்டுண்ணிக் குளவிகளால். தரை வண்டுக்குப் பூ முக்கியமில்லை, செடி தரும் நிழல்தான்.

இரண்டாம் அறுப்பு

ஊலே எட்டு ஏக்கரிலும் விட்டுக்கொடுக்கவில்லை. பொது வரப்பை ஒட்டிய மூன்று ஏக்கரில் மட்டும் முதல் 40 நாள் அடிக்காமல் இருந்தார். மீதி ஐந்தில் வழக்கம்போல. எனக்கு இது நல்லதாகவே பட்டது. ஒரே ஆள், ஒரே நாற்று, பக்கம் பக்கமாக ஒப்பீடு.

மூன்று ஏக்கரில் இலைக்கோடு அதிகம் தெரிந்தது. இருபத்தைந்தாம் நாள் அவர் இரண்டு தரம் தெளிப்பானைத் தோளில் மாட்டி இறக்கி வைத்ததை மாமா பார்த்திருக்கிறார். ஐம்பதாம் நாளுக்குப் பயிர் தேறிவிட்டது. கதிர்நாவாய்ப் பூச்சிக்கு ஒரு தரம் அங்கேயும் அடித்தார். புகையான் வட்டம் எங்கேயும் விழவில்லை, ஐந்து ஏக்கரிலும் விழவில்லை. அந்த வருடம் புரட்டாசி மழை விடாமல் அடித்தது, ஆகவே புகையான் விஷயத்தில் வண்டுக்கு நான் பட்டம் கட்ட மாட்டேன். ஏக்கருக்கு எத்தனை கூடை என்பதில் இரண்டு பகுதிக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மிச்சமானது இரண்டு மருந்தும் தெளிப்புக் கூலியும். எலி வெட்டு முந்தைய வருடத்தைவிடக் குறைவு. அது வண்டால் இல்லை, ஆவணியில் ஊரே கூடி வளை தோண்டியதால்.

டின் கணக்கில் ஊலே பக்கம் இந்த முறை மாமா பக்கத்தைவிடக் குறைவாகவே விழுந்தது. போன வருடமாக இருந்தால் நான் தலையில் கை வைத்திருப்பேன். இப்போது ஊசியையும் பீங்கான் தட்டையும் எடுத்தேன். மூன்று ஏக்கர் ஓரத்துப் பெண் வண்டுகளில் நொய்யரிசி இருந்தது. பொது வரப்பின் ஊலே பக்கச் சரிவில் வெட்டிய மண்கட்டியில், முதல் தடவையாக, குழைகிற பழுப்பு வண்டு இரண்டு.

நடுவில் ஒரு இடி. பங்குனியில் வாய்க்கால் தூர்வார வந்த இயந்திரம், எடுத்த சேற்றையெல்லாம் வாய்க்காலோர வரப்பில் ஆள் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போனது. எங்களைக் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் வண்டுக்காக என்று சொல்லியிருக்க முடியாது. அந்தப் பக்கம் இனி ஒன்றிரண்டு வருடத்துக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை. பொது வரப்பு தப்பியது.

இந்த ஆனியில் நான் மறுபடி டின் புதைக்கப் போனபோது, ஊலே தன் வீட்டிலிருந்து நாலு பால் டின் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். இரண்டில் அடியில் துரு ஓட்டை. "இதில் உன் தண்ணீர் நிற்காது, தம்பி, உயிரோடு பிடிக்க வைத்துக்கொள்" என்றார்.